சேஹாவுக்கு இன்னும் ஒரு இடம்

லா பாஸில் பத்தொன்பது வருடம்
மினிபஸ் கதவில் ஒரு கால், காற்றில் ஒரு கால்.
"சேஹா, சேஹா, சேஹாவுக்கு இன்னும் ஒரு இடம்!"
இன்னும் ஒரு இடம் என்பது பொய்.
எப்போதும் பொய். அதுதான் என் தொழில்.
எங்கள் ஊர்ப் பேச்சில் சேஹா என்றால் புருவம்;
பள்ளத்தில் கிடக்கும் நகரத்தை
மேலிருந்து முறைக்கும் மேட்டின் விளிம்பு.

செவேரோ ஓட்டுவான். வண்டிக்கு மூச்சு வாங்கும்.
முட்டி இடிக்கும், உருளைக்கிழங்கு மூட்டை இடிக்கும்,
ஒருமுறை ஓர் ஆடு
அரைக் கட்டணத்தில் வந்து
முழு இருக்கையில் உட்கார்ந்தது.

பிறகு வானத்தில் கம்பி கட்டினார்கள்.
ஒரு மணி நேரப் பாதை பத்து நிமிடமாகச் சுருங்கியது.
ஆட்கள் என் தலைக்கு மேலே போனார்கள்.
கோபமில்லை, நானும் போனேன்:
சீருடை, தொப்பி, மாதம் பிறந்தால் சம்பளம்.
இங்கே கத்த வேண்டாம். பெட்டி தானே வரும்,
தானே திறக்கும். பத்துப் பேர்.
பதினொன்றாவது ஆளுக்கு உள்ளங்கையைக் காட்ட வேண்டும்,
அவ்வளவுதான்.
"இலாரியா, காய்ச்சலா?" என்கிறாள் தங்கை,
மெதுவாகப் பேசப் பழகிவிட்டேன்.

நேற்று வேலை முடிந்து மேலே போகையில்
கண்ணாடிக்குக் கீழே, நெரிசலில்,
எங்கள் வண்டி.
அதன் கூரையை இதுவரை பார்த்ததே இல்லை என்று
அப்போதுதான் உறைத்தது.
துரு. கயிற்றுத் துண்டு.
எந்த மாடியிலிருந்தோ விழுந்த
குழந்தைச் செருப்பு ஒற்றை.
முன்பக்கம், புதிதாக, ஒரு ஒலிபெருக்கி.

எதிரே இருந்த பெண், பல் மருத்துவம் படிக்கிறவளாம், சொன்னாள்:
"அதில் ஒரு பொம்பளைக் குரலைப் பதிந்து வைத்திருக்கிறார்கள்.
எங்கள் தெருவே அதில்தான் கண் விழிக்கும்."

கடைசி நாளில் செவேரோ கைப்பேசியை நீட்டியிருந்தான்,
"ஒரே ஒரு தடவை கத்து, ஞாபகத்துக்கு வேண்டும்."
திருடன்.
ஆளுக்குப் போட வேண்டிய கூலி
பத்தொன்பது வருடக் குரலுக்கு ஒரு காசு இல்லை.

கண்ணாடி தாண்டிச் சத்தம் வரவில்லை.
உதடு அசைத்துப் பார்த்தேன்,
மூச்சு விடும் இடம்கூட மாறவில்லை.

இன்று காலை வரிசையில் பதினொன்றாவதாக ஒரு பையன்,
தோளில் அவனைவிடப் பெரிய பித்தளைக் குழல்,
வாத்தியக் குழுவுக்கு நேரமாகிவிட்டதாம்.
உள்ளங்கையைத் தூக்கிவிட்டேன்.
வாய்தான்
சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.