பதினோரு நாள் விடுப்பு

நான் திரும்பி வருவேன் என்பதில்
அவர்களுக்குத் திருப்தி இல்லையாம்.
ஒரே ஒரு பத்தி. கையெழுத்துகூட இல்லை.
லூர்துமேரிக்கு விசா கிடைத்தது.
அதே சர்க்கரை ஆலை, அதே கணக்குப் பிரிவு,
எதிரெதிர் நாற்காலி.
அவளுக்குச் சூளகிரியில் அரை ஏக்கர் இருந்தது,
எனக்கு இல்லை.

விடுப்பு பாஸாகிவிட்டது.
அரவை தொடங்க இன்னும் இரண்டு மாதம்.
"ரத்து பண்ணிக்கலாமேம்மா" என்றார் மேலாளர்.
பெங்களூரில் வாங்கிய ஸ்வெட்டரை நினைத்துக்கொண்டு
வேண்டாம் என்றேன்.

டூர்க்காரன் கொடுத்த தாள் கையில் இருந்தது:
மூன்றாம் நாள் கல்லூரிகள்,
ஐந்தாம் நாள் பிரபு ஒருவரின் மாளிகை,
எட்டாம் நாள் இடிந்த கோட்டை, நுழைவுக் கட்டணம் உட்பட.
அந்தத் தாளோடு
பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் ஏறினேன்.

மூன்றாம் நாள் லூர்து படம் அனுப்பினாள்.
கருத்த கல் கட்டடம், நடுவில் சதுரமாய்ப் புல்.
"மிதிக்கக் கூடாதாம்டி. வாத்தியாருங்க மட்டும் மிதிக்கலாமாம்."
நான் தர்மபுரியில், படித்த கல்லூரி வாசலில்,
இருபத்தொன்பது வருடம் கழித்து.
"என்ன விஷயம்மா, டி.சி. வாங்கவா?"
சுத்திப் பாக்க, என்றேன்.
செக்யூரிட்டிக்குப் புரியவில்லை. ஆனாலும் விட்டார்.
புல் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை,
இருந்ததையும் இரண்டு ஆடுகள்
வரலாற்றுத் துறைப் பக்கம் முடித்துக்கொண்டிருந்தன.
பி.காம். வகுப்பின் கடைசி பெஞ்சில்
காம்பஸ் முனையால் யாரோ கீறிய ஒரு 'மா'.
எனக்காக இருக்காது.
என் பெயர் மாதேஸ்வரி என்பதால்
ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் போகவில்லை. பல் வலி.
கிராம்பைக் கடித்தபடி
பிரபு வீட்டுச் சமையலறையின் செப்புப் பானைகளை
கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன்.
"வேலைக்காரங்க ஏற தனிப் படிடி.
அங்கதான் கூட்டமே இல்ல."

எட்டாம் நாள் ஓசூர்.
லூர்து நிற்கும் அதே கோட்டையைப் போல
இங்கே ஒரு கலெக்டர் கட்டினாராம் இன்னொன்று.
கோட்டை இருந்தால்தான் கப்பலேறுவேன் என்று
சீமையில் ஒருத்தி சொன்னாளாம்.
ஆட்டோக்காரர் கேட்டார்:
"எந்த கேசில் மேடம்? ரெண்டு பெட்ரூமா, மூணு பெட்ரூமா?"
விசாரித்து விசாரித்துப் போனால்
புதர் மண்டிய சுவர், பாதி வளைவு, பீர் பாட்டில்.
அவ வந்தாளா, என்று கேட்டேன்.
"யாரு மேடம்?" இன்ஜினை அணைக்காமல் கேட்டார்.
லூர்துவின் படமும் வந்தது.
அதுவும் இடிந்துதான் கிடந்தது.
இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்,
அங்கே புல் வெட்டியிருந்தார்கள்.

பத்தாம் நாள், தாளில் ஓய்வு.
ராயக்கோட்டை.
தேடிப் போகவில்லை; தக்காளி லாரிகள் வழியை அடைத்து
பஸ் ஒரு மணி நேரம் நகரவில்லை.
சும்மா நடந்ததில், சீத்தா மரங்களுக்கு நடுவே
வெள்ளைக்காரர் கல்லறைகள்.
பெயர்கள் உதிர்ந்திருந்தன. வயது மட்டும் தெரிந்தது.
இருபத்திரண்டு. முப்பத்தொன்று. ஏழு மாதம்.
வெயில் நெற்றியில் நின்றது, ஸ்வெட்டர் பையில்.
எண்ணினேன், கணக்குப் பிரிவுப் புத்தி.
பதினான்கு பேர்.
ஒருவர்கூடத் திரும்பிப் போகவில்லை.

எவரிடம் காட்டினார்கள் பாஸ்புக்கை?
ஊரில் உனக்கு நிலம் இருக்கிறதா,
திரும்பிப் போவாய் என்று எப்படி நம்புவது என
இந்தப் பக்கத்து ஆள் எவனாவது கேட்டானா?
சத்தமாகவே கேட்டேன்.
அந்த ஏழு மாதத்துக்கு வந்ததும்
குரல் இறங்கிவிட்டது.
அதன் கல்மேல் ஒரு சீத்தாப்பழம்,
அணில் தொட்டு விட்டுப்போனது.
மிச்சத்தைத் தின்றேன்.
விதைகளை அங்கேயே துப்பினேன்.

பன்னிரண்டாம் நாள் காலை ஒன்பதரைக்கு
வேலைக்குத் திரும்பினேன், சொன்னபடி.
எதிர் நாற்காலி காலி.
"இன்னும் ரெண்டு வாரம் இருந்துட்டு வரேன்டி,
மேனேஜர்கிட்ட எதையாச்சும் சொல்லிவை."

கேட்டார்.
பல் வலி என்றேன்.