புளியரை, இரவுப் பணி

ஆலப்புழையில் வாத்துகளைக் கொன்று எரிக்கிறார்களாம்.
அதனால் எனக்குப் புளியரையில்
ஒரு மேசை, ஒரு பதிவேடு,
கைப்பிடி ஒழுகும் மருந்துப் பீச்சான்.

கோட்டைவாசல் வளைவு இறங்கி
முட்டை அட்டைகள் காலியாக வருகின்றன.
'காலிதானே மேடம்' என்கிறார் ஓட்டுநர்.
காலி என்று ஒன்று இல்லை
என்பதை அவரிடம் எப்படிச் சொல்ல.
சக்கரங்கள் ஊதா நீரில் நனைந்து போகின்றன.

மாதவரம் பயிற்சியில் திரையில் காட்டினார்கள்,
வைரஸ் புகுந்த ஒரு செல்லை.
அது வெளியேறும் வழி எனக்குத் தெரியும்:
உடைத்துக்கொண்டு, அல்லது மொட்டு விட்டு.
'அது இல்லை இது' என்றார் பேராசிரியர்.
எக்சோசோம்.
நல்ல நாளிலும் செல்லுக்குச் செல்
போய்வந்துகொண்டிருக்கிற பொட்டலம்.
நூறு நானோமீட்டர் இருக்கும்.
தோல், அனுப்பிய செல்லின் சொந்தத் தோல்.
உள்ளே மட்டும்
வைரஸின் வாசகத்தில் நாலு வரி.

பக்கத்துச் செல் சந்தேகப்படுவதில்லை.
வாங்குகிறது, பிரிக்கிறது,
காவலைக் கொஞ்சம் தளர்த்துகிறது.
ஏனென்று அதற்கே தெரியாது.

குறிப்பேட்டில் எழுதினேன்:
சோதனைச்சாவடியில் பிடிபடாது.

இரண்டேகாலுக்குக் கொல்லம் பஸ்.
கண்டக்டர் ரெஜிமோன் ஜன்னல் வழியே நீட்டினார்:
'நிங்ஙட சேச்சி தந்நதா.'

புனலூர் அக்காள், உலகம்மாள்.
மஞ்சள் துணிப்பை, நேந்திரங்காய் வற்றல் வாசம்,
வாயைத் தைத்து அனுப்புவாள் எப்போதும்;
எட்டாவது தையலில் நூலை இரட்டிப்பாள்.

போன தடவை வற்றலுக்கு அடியில் மடித்த தாள்.
பத்திரத்தில் தம்பி என்ன செய்தான் தெரியுமா என்று.
உண்மையா என்று நான் கேட்கவில்லை.
அவள் கோபம்
என் கையெழுத்தில், என் வீட்டு முறுக்கோடு
மதுரைத் தங்கைக்குப் போயிற்று.
கார்த்திகைக்கு யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை.

பேராசிரியர் கடைசியாக ஒன்று சொன்னார்.
பாதிப் பேர் டீக்கு எழுந்துவிட்டிருந்தோம்.
நோய்ப்பட்ட செல்
அதே பொட்டலத்தில்
எச்சரிக்கையும் அனுப்புவதுண்டாம்.
பெற்றுக்கொண்ட செல் கதவடைத்துத் தப்பிக்குமாம்.
வெளியிலிருந்து பார்த்தால்
எது எதுவென்று தெரியாதாம்.

அடுத்த லாரி விளக்கணைத்து நிற்கிறது.
ஹாரன் அடிக்கிறார்கள்.
கையுறையைக் கழற்றிவிட்டு
டார்ச் வெளிச்சத்தில் எண்ணுகிறேன்,
ஐந்து, ஆறு, ஏழு.

எட்டாவதில்
நூல் ஒற்றையாக இருக்கிறது.