பதினான்காம் இடத்து வளைவு

இஷெவ்ஸ்கில் பிப்ரவரி.
ஜன்னலின் உட்பக்கமும் உறைந்திருக்கிறது.
நான் கிளாஃபிரா, சங்கிலி கோர்ப்பவள்.
கண்ணாடிக் குழலுக்குள்
பிசின் மணிகளின் மேல்
ஒவ்வோர் அமினோ அமிலமாக,
வாலில் தொடங்கித் தலை நோக்கி
இருபத்தொரு கண்ணிகள்.

மூலப்பிரதி ஒரு பழுப்புத் தவளையுடையது.
பால் வண்டி ஓட்டும் இல்துஸ்
போன ஜூனில் கொண்டுவந்தான்,
மூடியில் துளையிட்ட ஊறுகாய்ப் புட்டியில்.
அவன் ஊரில் ஐஸ்பெட்டி வருவதற்கு முன்
பால் வாளியில் ஒரு தவளையைப் போட்டுவைப்பார்களாம்,
திரியாமல் இருக்க.
"ருசி?" என்று கேட்டேன்.
"பால் ருசி" என்றான், கொஞ்சம் கோபமாக.

மெல்லிய மின்சாரம் தொட்டதும்
முதுகு நுரைத்தது.
பஞ்சில் ஒற்றி எடுத்துக்கொண்டு
மறுநாளே அதே குட்டையில் விட்டோம்.
தன் வாயால் கெடும் என்று பேரெடுத்த பிராணி
தன் தோலால் பிழைத்துக் கிடக்கிறது.

தண்ணீரில் இந்தச் சங்கிலிக்கு உருவமே இல்லை.
அவிழ்ந்த நூல். குடிகாரன் கையெழுத்து.
கிருமியின் சவ்வருகே போனால்தான்
சுருண்டு படிக்கட்டாகிறது:
ஒரு பக்கம் லைசின்கள்,
எதிர்மின் தோலைத் தேடி ஒட்டுபவை;
மறுபக்கம் எண்ணெய்க் குணம்,
நீரைக் கண்டால் முகம் திருப்புபவை.
எதிரியைப் பார்க்கும்வரை
தனக்கு முகம் உண்டென்றே தெரியாத ஒன்று.

ஆனால் பதினான்காவது இடத்தில் ஒரு புரோலின்.
அங்கே படிக்கட்டு முழங்கை மாதிரி மடங்குகிறது.
வரைபடத்தில் அச்சுப்பிழை போல இருக்கும்.
"இதை நிமிர்த்திவிடு" என்றான் தாமிர்.
நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.
புரோலினை எடுத்து அலனினை வைத்தேன்.
மூன்று நாள் வேலை. ஒரே ஓர் எழுத்து.

நிமிர்ந்தது.
அகார் தட்டில் வெற்று வட்டம் விரிந்தது,
மூலத்துக்குச் சட்டைப் பொத்தான் அளவு,
இதற்குப் புட்டி மூடி அளவு.
தீக்காய வார்டிலிருந்து வந்த,
எந்த மருந்துக்கும் அசையாத கிருமியும்
காலையில் இல்லை.
தாமிர் பெரெபெச்சி வாங்கிவந்தான்,
காளான் வைத்தது. ஆறிப்போயிருந்தது. தின்றோம்.

பிறகு ரத்தம்.
என்னுடையதுதான், திங்கட்கிழமை கொடுத்தது.
கழுவி உப்புநீரில் மிதக்கவிட்ட சிவப்பணுக்கள்.
சுழற்றி எடுத்தால் நல்ல குழியில்
பொட்டு வைத்தது போல் அடியில் உட்காரும்;
மேலே நீர் தெளிந்து நிற்கும்.
மூலத்தின் வரிசையில் பன்னிரண்டு பொட்டுகள்.
நிமிர்ந்ததன் வரிசையில் ஒன்றுகூட இல்லை.
குழி முழுக்க ஒரே சீரான, அழகான
கிரான்பெரிச் சாறு.

கொஞ்ச நேரம் தட்டை
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இதற்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.
வளைந்திருந்தபோது தெரிந்தது.
அந்த மடிப்பில்தான் தயங்கியிருக்கிறது,
யார் வீடென்று பார்த்துவிட்டு
இடித்திருக்கிறது.

தவளைக்கும் சிவப்பணு உண்டே.
இவ்வளவு நஞ்சையும் முதுகில் பூசிக்கொண்டு
இந்நேரம் குட்டையின் பனிக்கட்டிக்குக் கீழே
சேற்றருகில் கிடக்கும்,
தோலால் மூச்சு விட்டபடி.

குறிப்பேட்டில் அதன்பின் ஆறு வாரம்:
கிளைசின் வைத்தேன், பாதி வேகம்.
வால்நுனி அமைடை விட்டுவிட்டேன், கிருமி கண்டுகொள்ளவில்லை.
ஏழில் ஒரு லைசின் கூட்டியது
பரவாயில்லை என்று எழுதி
கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.
ஒரு பக்கத்தில் வெறும் தேநீர்க் கறை.

இன்றிரவு புரோலினைத் திரும்ப வைக்கிறேன்.
வாலிலிருந்து எட்டாவது கண்ணி.
அதன் மேல் அடுத்ததைக் கோர்ப்பது எப்போதும் சிரமம்;
லேசில் இடம் கொடுக்காது,
கரைசலை இரண்டு முறை ஊற்ற வேண்டும்.
தாமிர் போய்விட்டான். டிராம் சத்தமும் நின்றுவிட்டது.
குழல் மெல்லக் குலுங்குகிறது.

இரண்டாம் முறை ஊற்றுகிறேன்.