நாலாவது நிறுத்தம்

ஏழு இருபதுக்கு வருவார்கள்.
முதலில் கல்பாவிய தரையில் காலடிகள்,
அப்புறம் அவள் குரல்.
ஹென்ரீக்கே. பகலில் பல் மருத்துவரிடம் வரவேற்பாளர்,
மாலையில் கறுப்பு அங்கி, பேட்டரி லாந்தர்.
ஆளுக்குப் பதினான்கு யூரோ,
மாணவர்களுக்குப் பத்து.

என் சமையலறைச் சன்னலுக்கு நேர் கீழே
அவளுடைய நாலாவது நிறுத்தம்.

"இங்கேதான்," என்பாள்,
"ரொட்டிக்காரர் மனைவி அப்பொலோனியாவைச்
சூனியக்காரி என்று இழுத்துப்போனார்கள்.
ஆயிரத்து அறுநூற்று இருபத்தெட்டு,
அறுவடைக்கு முந்தின வாரம்."
பிறகு கணக்கு வாசிப்பாள்:
விறகு ஏழு வண்டி.
கயிறு.
காவலர் இருவருக்குச் சாப்பாடு.
கொளுத்தியவனுக்கு ஒயின், இரண்டு குவளை.
மொத்தத்தையும் கூட்டி
ரொட்டிக்காரர் வீட்டுக்கே அனுப்பினார்களாம்.
"சீட்டு இன்னும் பத்திரமாக இருக்கிறது.
எங்கள் ஊரில் காகிதம் தொலையாது."

ஒயின் என்றதும் சிரிப்பார்கள்.
அந்தச் சிரிப்பின் நீளம் எனக்கு அத்துப்படி:
ஒரு உருளைக்கிழங்கின் தோலில் பாதி.

பதினோரு வருடமாகக் கேட்கிறேன்.
வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு
விறகு ஒன்பது வண்டியாகிவிடும்.
மேலிருந்து திருத்தலாமா என்று வாய் துறுதுறுக்கும்.
திருத்தியதில்லை.
அதற்குள் ரெக்னிட்ஸ் ஆற்றுப் பக்கம் நகர்ந்திருப்பார்கள்.
கடைசி நிறுத்தம் மதுக்கடை.
எங்கள் பீரில் புகைவாசனை தூக்கல்,
முளைகட்டிய பார்லியை விறகுத் தீயில் வாட்டுவதால்.
வெளியூர்க்காரர்கள் முதல் மடக்கில் முகம் சுளிப்பார்கள்.
மூன்றாவது குவளையில் பழகிவிடும்.

பிப்ரவரியில் ஒரு நாள்,
மழையா பனியா என்று முடிவுசெய்யாத ஈரம்.
ஒரே ஒருத்தர் வந்திருந்தார், நனைந்த நாயோடு.
நாலு பேர் சேராவிட்டால் நடை கிடையாது.
பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம்,
இருந்தும் கூடவே நடந்து வந்திருக்கிறாள்.
லாந்தரை அணைத்தாள்,
முக்காட்டைப் பின்னால் தள்ளினாள்.
கணக்கு வாசிக்கவில்லை.

"காட்டிக்கொடுத்தது எதிர்வீட்டுக்காரி," என்றாள்,
மருந்துச்சீட்டு நீட்டும் குரலில்.
"மாடியிலிருந்து பார்த்திருக்கிறாள்.
ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்படியில் வெளிச்சம்.
அவ்வளவுதான்.
ரொட்டி சுடுகிற வீட்டில்
அந்நேரம் வேறென்ன இருக்கும்?"

இதை ஏன் எல்லாரிடமும் சொல்வதில்லை என்று கேட்டார் அவர்.

"காசு கொடுத்து வருகிறவர்கள்
எரிந்தவளாக இருந்து பார்க்க வருகிறார்கள்.
ஒன்றிரண்டு பேர் கொளுத்தியவனாகவும்.
சன்னலாக நிற்க யாரும் வருவதில்லை."

நாய் உடம்பை உதறியது.
இருவரும் நிமிர்ந்தார்கள்.
பார்ப்பதற்கு வேறெதுவும் இல்லை,
தெரு முழுக்க என் விளக்கு ஒன்றுதான் எரிந்தது.

அணைத்துவிட்டு
கத்தியும் கிழங்குமாக இருட்டில் நின்றேன்.

எதிர்ச் சாரியில் மூன்றாவது மாடி,
அக்டோபரில் குடிவந்தவர்கள்.
எத்தனை பேர் என்று எண்ணி மாளவில்லை.
விடிகாலை மூன்றுவரை விளக்கு,
தையல் எந்திரமோ எதுவோ ஒரு கடகடப்பு,
பெயர் தெரியாத வறுவல் வாசனை.
வீட்டுவசதி அலுவலகத்துக்கு
ஜனவரியில் ஒரு கடிதம் எழுதினேன்.
என் கையெழுத்து அழகானது, பள்ளியில் பரிசு வாங்கியது.
கையெழுத்து மட்டும் போடவில்லை.

மறுநாள் ஏழு இருபது.
இருபத்தாறு பேர், முழுசாக ஒரு பள்ளி வகுப்பு.
விறகு எட்டு வண்டி. கயிறு. சாப்பாடு.
ஒயின் வருவதற்குள் குழாயைத் திறந்துவிட்டேன்.

எதிர் மாடியில் ஒரு பெண்
மேசைவிரிப்பைச் சன்னலுக்கு வெளியே உதறினாள்.
என்னைப் பார்த்துத் தலையசைத்த மாதிரி இருந்தது,
விரிப்பின் மடிப்பைப் பார்த்த மாதிரியும்.
நானும் அசைத்துவைத்தேன்.

அலுவலகத்திலிருந்து
இன்னும் யாரும் வரவில்லை.