பதினொன்று பத்து

வீரவநல்லூரில் இறங்கும்போதே
ஒன்பதே முக்கால்.
பையில் வெற்றுத் தாள், சீவிய பென்சில் இரண்டு,
ஆய்வு எண் நூற்றுப் பதினேழு.
படிவத்தில் பெயர் எழுதக் கூடாது.
இங்கே பிரமநாயகம் என்று வைத்துக்கொள்வோம்.
வயது ஐம்பத்து நான்கு.
ஜங்ஷனுக்கும் பாபநாசத்துக்கும் நடுவே
இருபத்தோரு வருஷம் கண்டக்டர்.
காருகுறிச்சி தாண்டும்போது
இடது கையிலிருந்து பை நழுவியதாம்.
சோடா, சுக்கு, தைலம்,
பித்தம்தான் என்று நாலு பேர்.
ஐகிரவுண்டு வாசலுக்கு வரும்போது
ஊசி போடும் நேரம் தாண்டியிருந்தது.
அதற்கு மட்டும் படிவத்தில் கட்டம் உண்டு:
ஐந்து மணி இருபது நிமிடம்.

என் வேலைக்குப் பெயர்
கண் கட்டிய மதிப்பீட்டாளர்.
முன்னூறு பேரைக் குலுக்கிப் போட்டார்கள்.
பாதிப் பேருக்கு வாரம் ஒருமுறை நர்ஸ் போன் செய்து
மாத்திரை, உப்பு, பிரஷர் விசாரிப்பாள்.
மீதிப் பாதிக்கு வழக்கமான வைத்தியம்.
யார் எந்தப் பாதி என்று
எனக்குத் தெரியவே கூடாது.
தெரிந்தால் என் பென்சில் இரக்கப்பட்டுவிடுமாம்.
படும்தான்.

“நூறிலிருந்து ஏழேழாக் கழிச்சுக்கிட்டே வாங்க.”
தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது,
சில்லறை எண்ணுகிற வேகத்தில் வந்தது.
எழுபத்திரண்டில் நின்று
“மிச்சத்தை இறங்கும்போது வாங்கிக்கிடும்” என்றார்.
சிரித்தேன்.
சிரிப்புக்குக் கட்டம் இல்லை.

வாளி, புளி, ஓடை, தங்கை, ஊதா.
ஐந்து நிமிஷம் கழித்துத் திருப்பிக் கேட்டேன்.
புளி என்றார். தங்கை என்றார்.
பிறகு கண்ணை மூடிக்கொண்டு
பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி என்று
ஒவ்வொரு ஊராக நிறுத்திப் பார்த்தார்.
வாளி எந்த ஊரிலும் ஏறவில்லை.

கடைசியாகக் கடிகாரம்.
“மணி பதினொண்ணு பத்து. வரைஞ்சு காட்டுங்க.”
வட்டம் வந்தது, கொஞ்சம் நசுங்கி.
பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என
வலது விளிம்போடு இறங்கிய எண்கள்
ஆறோடு நிற்கவில்லை.
ஏழும் எட்டும் பதினொன்றும்கூட
அதே பக்கத்தில் நெருக்கியடித்துத் தொங்கின,
கடைசி பஸ்ஸின் ஒற்றைப் படிக்கட்டில் மாதிரி.
இடது பாதி முழுக்க வெள்ளை.
அங்கே நேரமே ஆகவில்லை.

ஆவுடையம்மாள் எட்டிப் பார்த்தாள்.
“இடது பக்கம்னு ஒண்ணு
இவுகளுக்கு உலகத்துலயே கிடையாதும்மா.
தட்டுல பாதிச் சோறு அப்படியே கிடக்கும்,
பசிக்குதும்பாக.
நான் தட்டைத் திருப்பி வச்சிருவேன்.
இப்பத்தான் போட்டியான்னு கேட்டுத் திம்பாக.”

இந்தத் தாளைத் திருப்பி வைக்க
எனக்கு அனுமதி இல்லை.
வட்டத்துக்கு ஒன்று.
எண்களுக்குச் சுழி. முட்களுக்குச் சுழி.

“திங்கக்கிழமையானா போன்ல—”
என்று ஆரம்பித்தாள்.
“சொல்லாதீங்க” என்று கையை நீட்டிவிட்டேன்.
பாதியில் நிறுத்தி
என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்,
துட்டு கேட்டு இல்லையென்றது போல.
அந்தப் பிள்ளை அன்பாப் பேசுது
என்று முடிக்க இருந்தாளோ,
ஒரு நாதியும் கூப்பிடல என்றோ.
எழுத்துப் போகிற திசையில் பார்த்தால்
அவளுடைய வாக்கியத்தில்
இடது பாதிதான் எனக்குக் கிடைத்தது.
வலது பாதி வெள்ளை.

மொத்தம் முப்பதுக்குப் பதினேழு.
கையெழுத்து, தேதி.
காப்பியை நான்தான் முழுசாய்க் குடித்தேன்.
அவர் டம்ளர் இடது பக்கம் ஆறிக்கிடந்தது.
நகர்த்தி வைத்தேன். அதற்கு விதி ஒன்றும் இல்லை.

எழுந்து “வாரேன்” என்றேன்.
குரலை வலது பக்கத்தில் தேடினார்:
ஜன்னலில், கொடியில் தொங்கிய துண்டில்.
சுற்றிப் போய் அந்தப் பக்கம் நின்றேன்.
முகம் மலர்ந்து,
எப்போதோ ஏறிவிட்ட ஆளைப் பார்ப்பது போல,
“நீங்க எங்க இறங்கணும்?” என்றார்.