இருபத்தேழாம் பதிப்பு

அறுபத்தொரு அறுகோணங்கள்.
ஒரு பக்கம் வெள்ளை, பனிக்கட்டி.
மறுபக்கம் நீலம், ஆறு.
சுற்றுக்கு ஒருமுறை பகடை சொல்லும்
எது உடைகிறதென்று.
வைக்கோல், தபால் மூட்டை, ஒரு பியானோ:
இவற்றை அக்கரை சேர்க்க வேண்டும்
ஏப்ரல் முடிவதற்குள்.

சொல்லும்போது எல்லோரும் முன்னே சாய்ந்தார்கள்.
அந்தச் சாய்வில்தான் ஏமாந்தேன்
மூன்று வருடம்.

ஔலு நகர நூலகம், இரண்டாம் மாடி,
செவ்வாய்க்கிழமை மாலைகள்.
வேய்யோ கோட்டைக் கழற்றாமலே விளையாடுவான்.
மிர்க்கு விதிப்புத்தகத்தைப் பின்னாலிருந்து படிப்பாள்.
மூன்றாம் சுற்றில் முந்தியவர் வெல்வார்.
மற்றவர்கள் நாற்பது நிமிடம்
இலவங்கப்பட்டை ரொட்டியின் சுருளைப் பிரித்தபடி
தோற்பதற்குக் காத்திருப்பார்கள்.

பின்தங்கியவரை இழுக்கக் கயிறு அட்டை சேர்த்தேன்.
கயிறு எல்லோரையும் இழுத்தது.
கயிற்றுக்கு ஒரு முடிச்சு விதி,
முடிச்சுக்கு ஒரு விலக்கு,
விலக்குக்கு ஓர் அடிக்குறிப்பு.
எட்டுப் பக்கம் பத்தொன்பது ஆனது.
ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு
சட்டை எங்கே என்று தேட வேண்டியதாயிற்று.

"நல்லாயிருக்கு" என்றாள் மிர்க்கு.
அதைவிட மோசமான சொல் இந்த வேலையில் இல்லை.
மோசம் என்றால் எந்த இடத்தில் என்று கேட்கலாம்.
நல்லாயிருக்கு என்பதை
எந்தப் பக்கம் தட்டித் திறப்பது?

ஒருவரும் ஒருநாளும்
இன்னொரு ஆட்டம் போடலாமா என்று கேட்டதில்லை.
இதை நான் கவனித்தது ஒன்பதாம் பதிப்பில்.
ஒப்புக்கொள்ள இன்னும் பதினெட்டு.

கணக்குப் பார்க்கும் இரவுகள் உண்டு.
அட்டைக்கு இருநூற்று நாற்பது யூரோ,
கத்தி வழுக்கிக் கட்டைவிரலில் மூன்று தையல்,
போகாமல் விட்ட இரண்டு பிறந்தநாள் விருந்து.
இவ்வளவு போட்டாயிற்றே என்று
இன்னும் போட்டேன்.
தண்ணீர் வராத கிணற்றை
வெட்டிய ஆழத்துக்காகவே
விட மனமில்லாதவள் போல.

மார்ச் கடைசியில் வேய்யோ அழைத்தான்.
காய்ச்சல், இன்றைக்கு வர முடியாது, மன்னித்துக்கொள்.
பரவாயில்லை என்றேன்.
போனை வைத்ததும்
நெஞ்சுக்குள் ஏதோ குதித்தது,
மழைக்காகப் பள்ளிக்கூடம் மூடியதாகக் கேட்ட பிள்ளைபோல்.
அடுப்பில் காப்பி பொங்குவது தெரியாமல் நின்றேன்.
அடிப்பாவி,
இது சந்தோஷமல்லவா.

ஆற்றங்கரைக்குப் போனேன்.
நகராட்சி பலகை நட்டிருந்தது: பனிமேல் நடக்காதீர்.
பலகைக்கு அப்பால் காலடித் தடங்கள்,
ஒரு நாயின் தடம், பனிச்சறுக்குக் கட்டையின் இரட்டைக் கோடு.
இவற்றில் எது கடைசித் தடம்?
நடந்தவருக்கே தெரிந்திருக்காது.
நேற்றுத் தாங்கியது என்பது மட்டும்தான்
அவர் கையிலிருந்த ஆதாரம்.

பலகை உடையும் நாளுக்காகக் காத்திருக்கவில்லை.
பனி இன்னும் தாங்கும்போதே
ஆரஞ்சு மேல்சட்டை போட்ட யாரோ இருவர்
மதியச் சாப்பாட்டுக்கு முன்
நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அன்றிரவு கட்டைகளின் லேபிள்களை நகத்தால் உரித்தேன்.
பசை போகவில்லை.
அறுகோணங்களை ரப்பர் பட்டையில் கட்டினேன்,
வெள்ளையும் நீலமும் கலந்தபடியே.
கணினியில் கோப்பை அழிக்கவில்லை.
அவ்வளவு வீரம் கிடையாது.

அடுத்த செவ்வாய் சொன்னேன்.
"அப்பாடா" என்றாள் மிர்க்கு.
திரும்பும் பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் வரை அவள்மேல் கோபம்.
மூன்றாவதில் பசித்தது.

அதற்கு முன், எல்லோரும் கிளம்பும்போது,
வேய்யோவின் மகள் சினி கேட்டாள்:
பியானோ எங்கே?
எப்போதும் அவள் பியானோவைத்தான் எடுப்பாள்.
வைக்கோலைப்போல் நான்கு மடங்கு கனம்,
ஒருமுறைகூட வென்றதில்லை.
பனி உடைந்ததும் அதைத் தலைகீழாய்க் கவிழ்த்து
டொய்ங்ங் என்று வாயாலேயே மூழ்கடிப்பாள்.
மூன்று வருடத்தில் அந்த அறை சிரித்தது
அப்போது மட்டும்தான்.

பெட்டிக்குள் இருக்கிறது என்றேன்.
பொய்.
என் கோட்டுப் பையில் இருந்தது.
விரல் அதன் மூடியைத்
திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.