ஏழில் ஒன்று பூஜ்யம்

வேலந்தாவளம் செக்போஸ்டில் இரவு ஷிப்டு.
கயிற்றை இழுத்தால் குறுக்குமரம் எழும்புகிறது,
விட்டால் விழுகிறது.
ஒன்று அறுபத்தெட்டோடு நின்றுபோனவள் நான்.
இன்று லாரி குனியாமல் போகும் உயரத்துக்கு
ஒரு ராத்திரியில் முந்நூறு தடவை தூக்குகிறேன்.

டிரைவர்கள் கேட்பார்கள், மேடம் தமிழா மலையாளமா.
கேன் மூடியைத் திறந்து முகர்ந்தபடி
வண்டியை எடு என்பேன்,
இரண்டு பாஷையிலும்.

கொழிஞ்சாம்பாறை மைதானத்தில் காற்றுமானி இருந்ததில்லை.
கணவாய்க் காற்று மட்டும் இருந்தது.
ஆடியில் கிழக்கே தள்ளும், மார்கழியில் மேற்கே.
பாயைத் திருப்பிப் போடுவதுபோல
ஓடுபாதையைத் திருப்பிக்கொள்வோம்.
ஒருமுறை என் மூங்கில் ஈட்டி
வேலி தாண்டிப் பனையில் குத்தி நின்றது.
கள்ளிறக்கிக்கொண்டிருந்தவர் மேலிருந்தே
கெட்ட வார்த்தையில் வாழ்த்தினார்.

மற்றவர்களுக்கு ஆளுக்கொன்று இருந்தது.
எதிலும் முதல் வராத என்னை
ஆளில்லாத ஃபாரத்தை நிரப்ப
ஏழிலும் எழுதிப்போட்டார்கள்.
திருச்சூரில் நான் பாண்டிக்காரி,
கோயம்புத்தூரில் கேரளாக்காரி.
அமலோற்பவம் என்று முழுதாய்ச் சொல்ல
மைக்குக்கு மூச்சு போதவில்லை.
அமலா என்றது, அமல் என்றது,
ஒருமுறை அற்புதம்.

குண்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
நாலு கிலோ. கழுத்தோரம் ஜில்லென்றிருக்கும்.

பஜ்ஜி மடித்த பேப்பரில் ஒரு நாள்
ஓர் அமெரிக்கக்காரி வந்தாள்,
முழங்காலுக்குக் கீழே எண்ணெயில் கண்ணாடியாகி.
ஏழாயிரத்துச் சொச்சம் புள்ளி என்று போட்டிருந்தது.
என் நல்ல நாளின் கணக்கு
ஐயாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
கழித்துப் பார்த்தேன்.
அந்த மிச்சத்தில் என்னைப்போல் இன்னொருத்தி
மூன்று ஆட்டம் ஆடி முடித்துவிடலாம்.
சிரிப்பு வந்தது.
பஜ்ஜியை வேறு பேப்பருக்கு மாற்றிவிட்டு
அவளைக் காயவைத்தேன்.

வருகிறவர்கள் மெடலைக் கேட்பார்கள்.
இரண்டு உண்டு.
ராஞ்சியை யாரும் கேட்பதில்லை,
அங்கே இரண்டாம் நாள் காலையை.

பலகைக்கு அப்பால் ஈரக் களிமண் பட்டை.
முதல் தடவை கட்டைவிரல் பதிந்தது, சரி.
அரையடி தள்ளி ஓட்டத்தைத் தொடங்கினேன்,
முதுகில் காற்று கைவைத்தது, மறுபடி பதிந்தது.
மூன்றாவதில் ஆகாயத்தில் இருக்கும்போதே தெரிந்தது
இதுதான் என் வாழ்நாளிலேயே நீளம் என்று.
எழுந்து திரும்பினால் சிவப்புக் கொடி.
ஒரு பையன் வந்து
அளக்காமலே மணலைச் சமப்படுத்தினான்.

விதிப் புத்தகத்தில் இப்படி இருக்கிறது:
இறங்காதவள் வெளியே.
இறங்கித் தோற்றவளுக்குப் பூஜ்யம்,
ஆனால் உள்ளேதான்.

மத்தியானம் ஈட்டிக்குப் போனேன்.
சாயங்காலம் எண்ணூறு மீட்டர்.
கூட்டல் தெரிந்தவள் அதில் ஓட மாட்டாள்.
எனக்குக் கூட்டல் நன்றாகவே தெரியும்.
மணி அடித்தபின் இருந்த ஒரு சுற்றில்
யாரையும் துரத்தவில்லை,
யாரும் என்னைத் துரத்தவில்லை.
காலுக்கு அடியில் ரப்பர் சூடு,
நாக்கில் இரும்பு ருசி, இவ்வளவுதான்.

முடித்ததும் பதினாலு பேரும் அப்படியே விழுந்தோம்,
முதல் இடமும் கடைசி இடமும் தோள் உரசி.
ஹரியானாக்காரி வாந்தி எடுத்தாள்.
அவள் சடை நனையாமல் பிடித்துக்கொண்டேன்.
தங்கம் அவளுக்கு.

வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தில்
ராஞ்சியை நான் சேர்க்கவில்லை.
சேர்த்திருந்தால் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மூன்று மணிக்குக் காற்று திரும்புகிறது.
கயிற்றில் குறுக்குமரம் லேசாக நடுங்குகிறது,
இடுப்பு உரசியும் விழாத கம்பி அப்படித்தான் நடுங்கும்.
மெத்தையில் கிடந்தபடி
அதை நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்பார்கள்.
நான் பார்ப்பேன்.

தக்காளி லாரி ஹாரன் அடிக்கிறது.